உப்பு குறைந்த தொட்டியில் சிப்பிகள் ஏன் பதறவில்லை? மூன்றாம் ஆண்டில் தலைகீழான தரவு

மூன்றாமாண்டு எழுதியது:

வணக்கம். கனமழை வெள்ளம் கழிமுகத்தில் உப்பைத் திடீரென்று இறக்கும்போது மைட்டிலஸ் சிப்பிகள் அதை எப்படித் தாங்குகின்றன என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. பாறையில் நார் விட்டுக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் கறுப்புச் சிப்பி.

உப்புத்தன்மை (ஆயிரம் பங்கு நீரில் எத்தனை பங்கு உப்பு) 35, 25, 15 என்று மூன்று நிலைகள்; 35 என்பது வழக்கமான கடல்நீர். ஒவ்வொன்றுக்கும் 3 தொட்டிகள், தொட்டிக்கு 30 சிப்பிகள். 35-இல் பத்து நாள் பழக்கிவிட்டு, ஒரே மூச்சில் உப்பை இறக்கினேன். 24, 48, 72 மணி நேரத்தில் பத்துப் பத்தாக எடுத்து, செவுளை வெட்டி, செல்கள் அழுத்தத்தில் தவிக்கும்போது கூடுதலாகச் செய்யும் வெப்ப அதிர்ச்சிப் புரதமான ஹெச்எஸ்பி70-ஐ வெஸ்டர்ன் பிளாட்டில் (ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தனியே காட்டும் சோதனை) அளந்தேன். மொத்தம் 270 செவுள்கள். கத்தரி பிடித்த விரல் இன்னும் காய்த்திருக்கிறது.

25-இல் முதல் நாளே புரதம் நன்றாக ஏறிவிட்டது. 15-இல் இரண்டு நாளாகியும் 35-இலேயே விட்ட கட்டுப்பாட்டுத் தொட்டிகளுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை; மூன்றாம் நாள் லேசாக அசைந்தது, அவ்வளவுதான். ஒன்றுகூடச் சாகவில்லை. பாதி தூரம் தள்ளினால் பதறுகிறது, முழுத்தூரம் தள்ளினால் சும்மா இருக்கிறது என்று ஆய்வேட்டில் எப்படி எழுதுவது? உப்பைச் சரியாகக் கலக்கவில்லை என்கிறார் நெறியாளர். காலை, மாலை இரண்டு வேளையும் அளந்து எழுதிய நோட்டு கையில் இருக்கிறது.

இன்னொரு சில்லறைத் தொல்லை. தீனியாகப் போட்ட டெட்ராசெல்மிஸ் பாசி, உப்புத்தன்மை 15 உள்ள தொட்டிகளில் சாயங்காலம்வரை தண்ணீரைப் பச்சையாகவே வைத்திருந்தது. பாசி கெட்டுவிட்டது என்று வேறு குடுவையிலிருந்து ஊற்றினேன். அதுவும் அப்படியே. மற்றத் தொட்டிகளில் ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. அளவுகளை நம்பலாமா, முழுவதையும் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா?

ஓட்டுவாய் எழுதியது:

தூக்கிப் போடாதீர்கள். சில்லறைத் தொல்லை என்று கடைசியில் ஒதுக்கினீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. வளர்ந்த சிப்பி ஒன்று மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரை வடிகட்டும். முப்பது சிப்பி இருக்கும் தொட்டி நாள் முழுதும் பச்சையாக இருந்தால் அவை வாயைத் திறக்கவே இல்லை என்று பொருள். தொட்டியில் இருந்தது 15. சிப்பிக்குள் இருந்தது பழைய கடல்நீர். உங்கள் சிப்பிகளுக்கு வெள்ளம் வந்த சேதியே இன்னும் போய்ச் சேரவில்லை.

25-இல் கதை வேறு. ஓடுகளை மூடிக்கொள்ளும் அளவுக்கு மோசமில்லை என்று திறந்துவைத்திருக்கும். உப்புக் குறைந்த நீர் உள்ளே போகும், செல்கள் வீங்கும், டாரின், கிளைசின் போன்ற அமினோ அமிலங்களை வெளியே தள்ளிப் பருமனைச் சரிக்கட்டும். அந்தப் பாட்டைத்தான் உங்கள் புரதம் காட்டுகிறது.

அடைத்துக்கொண்டவை சும்மா இருக்கின்றன என்றும் எழுதிவிடாதீர்கள். உள்ளே ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு ஆக்சிஜன் இல்லாத வழியில் பிழைப்பு. வளர்சிதை மாற்றம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு இறங்கும். புதிதாகப் புரதம் செய்வது செலவு பிடித்த வேலை, அதையும் சுருக்கிக்கொள்ளும். எனவே ஹெச்எஸ்பி70 ஏறவில்லை என்பதை வைத்து அழுத்தமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆக்சிஜன் இல்லாத பிழைப்பில் மிஞ்சும் சக்சினேட், அலனைன் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். ஓட்டுக்குள் இருக்கும் நீரில் கால்சியத்தையும் அளங்கள்: உள்ளே தேங்கும் அமிலத்தைத் தணிக்க, தன் ஓட்டின் உட்புறத்தையே கொஞ்சம் கரைத்துக்கொள்ளும். வீட்டுச் சுவரைச் சுரண்டி மருந்தாகத் தின்பதுபோல. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த விஷயம் இது.

முதலில் ஒரு சோதனை. ஓட்டின் விளிம்பில் மெல்லிய ஊசியை நுழைத்து, உள்நீரை உறிஞ்சி, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

தொட்டிக்கணக்கு எழுதியது:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் புள்ளியியல் கணக்கில் ஓட்டை இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. ஒரு நேரத்துக்கு, ஒரு உப்பு நிலைக்கு மாதிரி எண்ணிக்கை என்ன என்று எழுதுவீர்கள்? 30 என்றால் தேர்வாளர் பிடித்துக்கொள்வார். உப்பைத் தொட்டிக்குத்தான் மாற்றினீர்கள், சிப்பிக்கு அல்ல. ஆகவே 3. ஒரே தொட்டியில் பத்துச் சிப்பியை அளந்தால் அந்தத் தொட்டியைத் துல்லியமாக அறிகிறீர்கள், வேறொன்றும் இல்லை. சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984-இல் இதற்குப் போலிப் பிரதி என்ற பொருளில் பெயரே வைத்து எச்சரித்தார். நாற்பது ஆண்டாகியும் அதே குழியில் விழுகிறோம். நானும் விழுந்தவன்தான். தொட்டியைக் கணக்கில் தனி அடுக்காகச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

நார்முடிச்சு எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. பாறையிலிருந்து எப்படி எடுத்தீர்கள்? கையால் பிடுங்கினால் நாரோடு அடித்தசையும் கிழியும். பத்து நாள் பழக்கினாலும் சிலவற்றுக்கு ஆறாது. நாரைக் கத்தரியால் வெட்டி எடுங்கள். செவுளில் பட்டாணி நண்டு குடியிருக்கிறதா என்றும் பார்த்துக் குறித்துவையுங்கள். அது இருக்கும் சிப்பியின் செவுள் சேதமாகியிருக்கலாம்.

மூன்றாமாண்டு எழுதியது:

பிடுங்கித்தான் எடுத்தேன். இனி கத்தரி. தொட்டிக்கணக்கு, நீங்கள் சொன்னபடி ஓட்டினேன். 25-இன் ஏற்றம் மெலிந்தது, ஆனால் நிற்கிறது.

நேற்றிரவு மிச்சமிருந்த ஆறு சிப்பிகளை 15-இல் போட்டேன். காலையில் அறைக்குள் நுழைந்த காலடி அதிர்வுக்கே மூடிக்கொள்ளுமோ என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்த்தேன். ஐந்து இறுக மூடியிருந்தன. ஒன்று மட்டும் அரை மில்லிமீட்டர் திறந்து, மேலுறையின் விளிம்பைக் காட்டிக்கொண்டிருந்தது. ஊசி போட்டேன். மூடிய ஐந்திலும் உள்நீர் 29 முதல் 32. திறந்திருந்ததில் 16.

நெறியாளரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வாயைத் திறந்தே வைத்திருக்கச் செய்தால் என்ன ஆகும் என்று கேட்டார். செய்ய முடியுமா?

ஓட்டுவாய் எழுதியது:

முடியும். இரண்டு ஓடுகளுக்கும் இடையே சிறு பிளாஸ்டிக் ஆப்பு வையுங்கள். 1970களிலேயே உப்பு ஆய்வுகளில் செய்த வேலைதான். ஆப்பே ஒரு தொல்லை என்பதால் உப்புத்தன்மை 35 உள்ள தொட்டிகளிலும் பாதிச் சிப்பிகளுக்கு வைக்க வேண்டும். ஆப்பு இல்லாதவற்றில் ஒரு ஓட்டில் காந்தப்புலத்தை அறியும் ஹால் உணரி, மறு ஓட்டில் குட்டிக் காந்தம் ஒட்டினால் எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று இரவும் பகலும் பதிவாகும். ஒட்டுமுன் ஓட்டை உப்புத்தாளால் தேய்த்து ஈரம் போகத் துடையுங்கள். கம்பியைத் தளர்வாக விடுங்கள். அது இழுத்தால் அதற்கும் மூடிக்கொள்ளும்.