கும்பத்துக்குள் உயிரும் இருந்ததா? சைவ சித்தாந்தம் படித்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். கும்பகோணத்தில் பிள்ளைகளுக்குத் தலபுராணம் சொல்லித் தருகிறேன். பிரளயத்தில் மிதந்து வந்த கும்பத்தில் படைப்புக்கான விதைகள் இருந்தன, வேடனாக வந்த சிவன் அம்பெய்து உடைத்தார் என்றதும் ஒரு சிறுமி கேட்டாள்: “அப்ப நம்ம உயிரும் அந்தப் பானைக்குள்ளதான் இருந்துச்சா சார்?” நல்ல கேள்வி!

திருமூலர் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றையுமே அனாதி, அதாவது தொடக்கமில்லாதவை என்கிறார். ‘சிவஞானபோதம்’ தந்த 13ஆம் நூற்றாண்டு மெய்கண்டார் வழியிலும் உயிரை யாரும் படைக்கவில்லை. உயிரைப் பற்றிய மலம் என்ற அழுக்கு கழிய, உலகுக்கு மூலப்பொருளான மாயையிலிருந்து உடம்பும் உலகமும் மட்டுமே தரப்படுகின்றன. இறைவன் குயவன், அவன் சக்தி சக்கரம், மாயை மண் என்ற உவமை வரை சொல்லிவிடுவேன். உலகம் ஒடுங்கும்போது உயிர்கள் எப்படி இருக்கும் என்பதில்தான் தடுமாற்றம். (கேவலம், சகலம் என்று உயிரின் நிலைகளை ஆரம்பித்தால் பிள்ளைகள் எழுந்து ஓடிவிடுவார்கள்.)

திருவாவடுதுறை, தருமபுரம் சைவ ஆதீனங்கள் பக்கம் பாடம் கேட்டவர்கள் எளிய உரை ஏதாவது சொல்லுங்களேன். சனிக்கிழமை அடுத்த வகுப்பு.