தண்ணீரில் ஃபார்முலா ஒன்: கரையில் நின்று பார்த்தவர்கள் பேசுகிறோம்

ஷார்ஜாவிலிருந்து:

டிசம்பர் பிறந்தால் ஷார்ஜாவில் இருக்கும் நம்மவர்களுக்குக் காலித் லகூன் பக்கம் போக ஒரு காரணம் கிடைத்துவிடும். எஃப்1எச்2ஓ என்கிற உலக அதிவேகப் படகுப் பந்தயத் தொடரின் சீசன் ஊர் ஊராக, நாடு நாடாகச் சுற்றிவிட்டுப் பெரும்பாலும் இங்கேதான் வந்து முடியும். நாம் தினமும் பஸ்ஸில் கடந்துபோகிற அதே தண்ணீரில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் படகுகள் பறக்கும்.

நான் மறக்கவே மாட்டாத பந்தயம் 2015 டிசம்பர் 18 அன்று நடந்தது. வெள்ளிக்கிழமை, விடுமுறை. கரையோரத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் மனைவியும் நின்றோம்.

டிவியில் பார்க்கும்போது பிடிபடாத விஷயம் ஸ்டார்ட். படகுகள் ஜெட்டியில் வரிசையாக நிற்கும். என்ஜின் எதுவும் ஓடாது. ஒவ்வொரு படகையும் ஓர் ஆள் பிடித்துக்கொண்டிருப்பார். லகூன் முழுக்க மனிதக் குரல் மட்டும்தான் கேட்கும். சிவப்பு விளக்கு அணைந்ததும் எல்லா என்ஜினும் ஒரே நேரத்தில் அலறும். டூ ஸ்ட்ரோக் சத்தம், நெஞ்சுக்கூட்டுக்குள் அதிரும். 2.5 லிட்டர் வி6 மெர்குரி என்ஜின், சுமார் 400 குதிரைத்திறன். என்ஜினையும் சேர்த்தே படகு 400 கிலோ வராது. கியர் கிடையாது, பிரேக்கும் கிடையாது. திருப்பத்தைக் காட்டத் தண்ணீரில் மிதக்க விட்டிருக்கும் முதல் மிதவையை யார் முதலில் திரும்புகிறாரோ அவருக்குத்தான் எதிரே சுத்தமான தண்ணீர். பின்னால் வருகிறவர்கள் முன்படகு வாரியடிக்கும் சாரலுக்குள்ளே வழி தேட வேண்டியதுதான். பாதிப் பந்தயம் அந்த முதல் சில நொடிகளிலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் கருத்து.

அன்றைக்கு ஜெயித்தவர் நார்வேயின் மாரிட் ஸ்ட்ரோமோய். இந்தப் போட்டியின் வரலாற்றில் ஒரு பெண் கிராண்ட் பிரீ, அதாவது தொடரின் ஒரு பந்தயத்தை, வென்றது அதுதான் முதல் தடவை. என் வற்புறுத்தலுக்காக வந்த மனைவி, கடைசிச் சுற்றுகளில் தடுப்பின்மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தாள். அந்த ஆண்டு உலகப் பட்டம் பிரான்ஸின் பிலிப் ஷியாப்புக்குப் போனது. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் நாங்கள் பேசியது ஸ்ட்ரோமோயைப் பற்றித்தான்.

விஜயவாடாவில் பார்த்தவர்:

நம் நாட்டுக்கும் இந்தப் பந்தயம் வந்தது, பலருக்கு ஞாபகம் இருக்காது. 2018 நவம்பர் 16 முதல் 18 வரை, விஜயவாடாவில் கிருஷ்ணா நதியில். அப்போது எனக்கு அங்கேதான் வேலை. பிரகாசம் அணை தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பதால் ஆறு அகலமாக, அசையாமல் கிடக்கும். பந்தயத்துக்குத் தோதான இடம்.

எனக்கு ஊர் பட்டுக்கோட்டை. 16ஆம் தேதி அதிகாலைதான் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. வீட்டுக்கு லைன் கிடைக்கவேயில்லை. ஞாயிறு காலையில்தான் அண்ணன் பேசினார். தென்னை எல்லாம் போச்சு, ஆட்களுக்கு ஒன்றுமில்லை என்றார். அதைக் கேட்ட பிறகுதான் ஆற்றங்கரைக்குப் போக மனசு வந்தது.

விஜயவாடா பக்கத்து அமராவதியின் பெயரிலேயே ஓர் அணி இறங்கியிருந்தது. ஓட்டியவர்களில் ஒருவர் சுவீடனின் யோனாஸ் ஆண்டர்சன். படகில் அமராவதி என்ற பெயரைப் பார்த்ததும் ஜனம் அவரை உள்ளூர்க்காரராகவே ஆக்கிக்கொண்டது. 2021இல் அவர் உலக சாம்பியன் ஆனபோது, விஜயவாடா நண்பர் ஒருவர் எனக்குப் போன் போட்டு, "நம்ம ஆள் ஜெயிச்சுட்டார்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அபுதாபியிலிருந்து, படகு மெக்கானிக்:

நீங்கள் இருவரும் வேகத்தைச் சொன்னீர்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பந்தய வாரத்தில், படகுகளைத் தயார் செய்யும் பிட் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறேன். அங்கே படகை கிரேன்தான் தூக்கித் தண்ணீரில் இறக்கும். அந்தரத்தில் தொங்கும்போதுதான் அடிப்பாகம் தெரியும். இரண்டு பக்கமும் நீளமாக அடிக்கட்டை, நடுவில் காற்றுப் போகச் சுரங்கம். வேகம் பிடித்ததும் அந்தக் காற்றே படகைத் தூக்கிவிடும், தண்ணீரில் கொஞ்சம்தான் படும். மூக்கு ஒரு அளவுக்கு மேல் நிமிர்ந்தால் போச்சு, அப்படியே பின்பக்கமாகப் புரண்டுவிடும். ஓட்டுநர் என்ஜினின் சாய்வை நொடிக்கு நொடி ஏற்றி இறக்குவது அதற்காகத்தான்.

1984 சீசனில் பல ஓட்டுநர்கள் இறந்துபோனார்கள். பிரிட்டனின் டாம் பெர்சிவல் அவர்களில் ஒருவர். அப்போது ஓட்டுநர் இருக்கை திறந்த நிலையில் இருந்தது. அதன் பிறகு கிறிஸ் ஹாட்ஜஸ் என்ற படகு கட்டுநர் ஓட்டுநரைச் சுற்றிக் கெட்டியான கூடு அமைத்தார். இன்றைய மூடிய காக்பிட், அதாவது ஓட்டுநர் அறை, அதன் வழிவந்ததுதான். படகு கவிழ்ந்தால் தலைக்குப் பின்னால் இருக்கும் காற்றுப்பை விரிந்து, காக்பிட் முழுசாக மூழ்காமல் பிடித்துக்கொள்ளும். ஓட்டுநருக்கு ஒரு பரீட்சையும் உண்டு. காக்பிட் மாதிரியில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, நீச்சல்குளத்தில் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். தானே பெல்ட்டைக் கழற்றி வெளியே வர வேண்டும்.

பயிற்சி ஓட்டத்தில் ஒரு படகு கவிழ்ந்ததை நானே பார்த்தேன். மற்ற படகுகள் வேகம் குறைக்கும் முன்பே மீட்புப் படகிலிருந்து டைவர்கள் குதித்துவிட்டார்கள். ஓட்டுநர் வெளியே வந்து கையை உயர்த்தியபோது, போட்டி அணிக்காரர்களும் சேர்ந்து கை தட்டினார்கள். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் எனக்கு ஞாபகமில்லை. அந்த டைவர்களின் முகம் ஞாபகம் இருக்கிறது.

ஷார்ஜாவிலிருந்து மறுபடியும்:

அண்ணா, அந்தப் பரீட்சை விஷயம் எனக்குப் புதுசு, ரொம்ப நன்றி. அடுத்த முறை போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எல்லோரும் முடிவுக்கோட்டுப் பக்கம் முண்டியடிப்பார்கள், நீங்கள் முதல் மிதவை தெரிகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். குழந்தைகளைக் கூட்டிப்போனால் காதுக்கு ஏதாவது எடுத்துப் போங்கள், அந்தச் சத்தம் சின்னக் காதுகளுக்கு ஆகாது.