டிரையர் சுத்துது, ஆனா வெறும் வெதுவெதுப்பு: குழாயா, எலிமென்ட்டா?

மூணாம்மாடி: துணி காய வைக்கிற அமெரிக்க எலக்ட்ரிக் டிரையர், 240 வோல்ட், 30 ஆம்பியர் பிரேக்கர். டிரம் சுத்துது. ஒரு மணி நேரம் ஓடியும் துண்டெல்லாம் ஈரம், உள்ளே கை வச்சா வெதுவெதுப்பு. ஃபில்டர் சுத்தம். எலிமென்ட் (சூடு தர்ற கம்பிச்சுருள்) ஆர்டர் போட்டுடலாமா?

பஞ்சுப்பை: அவசரப்படாதீங்க. சூடே இல்லைன்னா கரண்ட் பக்கம் பாக்கணும், வெதுவெதுப்புன்னா காத்துப் பக்கம் பாக்கணும். சூடான காத்து வெளியே போற குழாய் (டக்ட்) அடைச்சா எலிமென்ட் பெட்டிக்குள்ள சூடு தேங்கும், சூடு மீறினா அணைக்கிற ஹை-லிமிட் தெர்மோஸ்டாட் சீக்கிரமே கட் பண்ணிடும், பாதி நேரம் எலிமென்ட் அணைஞ்சே கிடக்கும். பின்னாடி டக்டைக் கழட்டி ஈரத்துணியோட ஒரு ரவுண்டு விடுங்க. வழக்கமான நேரத்துல காஞ்சா குத்தம் குழாய்மேலதான்.

ஃபில்டர் சுத்தம்ங்கிறதையும் நம்ப மாட்டேன். டிரையர் ஷீட் (துணி மிருதுவாக கூடப் போடுற தாள்) போடுற வீட்ல வலைமேல மெழுகு மாதிரி ஒரு படலம் ஏறும், கண்ணுக்குத் தெரியாது. தண்ணி ஊத்திப் பாருங்க. வலையில இறங்காம தேங்கி நின்னா காத்தும் அப்படித்தான் நிக்குது. பாத்திர சோப்பு போட்டு பழைய டூத் பிரஷால தேய்ங்க.

நீலச்சுடர்: டக்டைக் கழட்டி ஓட்டுறது எலக்ட்ரிக்குக்கு மட்டும். கேஸ் டிரையர்ல அப்படி ஓட்டினா கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ள வரும். கேஸ்ல முதல்ல சூடு வந்து அப்புறம் நின்னுட்டா கேஸ் வால்வைத் திறக்கிற, அது மேல இருக்கிற சோலனாய்டு காயில்களைச் சந்தேகப்படுங்க. சூடேறினதும் வலு போயிடும்: தீ பத்த வைக்கிற இக்னைட்டர் செவக்கும், அணையும், தீ மட்டும் பிடிக்காது.

ஓம்மீட்டர்: பஞ்சுப்பை சார், உங்க விதி பாதி உண்மை. எலிமென்ட் காயில் நடுவுல அறுந்து, ஒரு முனை தகரப் பெட்டியில தொட்டாலும் இதே வெதுவெதுப்புதான். 5400 வாட் எலிமென்ட்டுக்கு 240 வோல்ட்ல சுமார் 10.7 ஓம். பாதி காயில் 5.3 ஓம், பெட்டி எர்த்ல இருக்கிறதால அதுக்குக் கிடைக்கிறது 120 வோல்ட். 2700 வாட், அதாவது சரிபாதி. ஓடுறது 22 ஆம்பியர்தான், அதனால 30 ஆம்பியர் பிரேக்கர் விழவே விழாது. கொடுமை அதுதான்.

பஞ்சுப்பை: அது அபூர்வம். எல்லாரையும் பேனலைக் கழட்டச் சொல்லுவீங்களா?

ஓம்மீட்டர்: கழட்ட வேண்டாம். சூடில்லாம காத்து மட்டும் வர்ற செட்டிங் இருக்குமே, அதுல 5 நிமிஷம் ஓட்டினா போதும். அதுலயும் சூடு வந்தா கரண்ட் தெர்மோஸ்டாட்டைச் சுத்திக்கிட்டு பாடி வழியாப் போகுதுன்னு அர்த்தம். உடனே பிளக்கைப் பிடுங்கணும். எந்தப் பக்கத் துண்டு தொடுதுங்கிறதைப் பொறுத்து இந்தச் சோதனையில தப்பிக்கவும் செய்யும். சந்தேகம் இருந்தா மீட்டர்தான் கடைசி வார்த்தை.

குறுக்குவழி: எதுக்கு பாஸ் இவ்வளவு? தெர்மல் கட்-ஆஃபை (சூடு ரொம்ப மீறினா கரண்ட்டை அறுக்கிற பாதுகாப்பு ஃபியூஸ்) ஒரு துண்டு வயரால ஜம்ப் பண்ணிட்டா, அதாவது தாண்டி இணைச்சுட்டா வேலை முடிஞ்சுது.

பஞ்சுப்பை: கட்-ஆஃப் போயிருந்தா அவருக்கு வெதுவெதுப்புகூட வராது, முதல்ல கேள்வியைப் படிங்க. பஞ்சு அடைச்ச மெஷின்ல தீயைத் தடுக்கிற கடைசி காவல் அது.

ஓம்மீட்டர்: இதுல மட்டும் நானும் அவரும் ஒரே கட்சி.

மூணாம்மாடி: காத்து செட்டிங்லயும் சூடு வருது. பிளக்கைப் பிடுங்கிட்டேன். ஒரு வயரைக் கழட்டிட்டு அளந்தா ரெண்டு முனைக்கும் நடுவுல மீட்டர் எதுவும் காட்டல. ஒரு முனைக்கும் பெட்டிக்கும் 5 ஓம். குழாய் 22 அடி, 3 எல்போ (வளைவு).

ஓம்மீட்டர்: அறுந்து தொடுது, தீர்ந்தது. எலிமென்ட்டைப் பெட்டியோட மாத்துங்க. உங்க மாடலுக்கு கட்-ஆஃபும் ஹை-லிமிட்டும் ஜோடியா வந்தா ரெண்டையும் சேர்த்து மாத்துங்க. முனையில மாட்டுற கிளிப் கருகியிருந்தா வெட்டிட்டு சூடு தாங்குற புதுசு போடுங்க. இல்லாட்டி புது எலிமென்ட்டும் அந்த இடத்திலேயே எரியும். மாட்டினதும் முனைக்கும் பெட்டிக்கும் நடுவுல மறுபடி அளங்க, எதுவும் காட்டக் கூடாது.

பஞ்சுப்பை: எலிமென்ட் உங்க பக்கம், ஒத்துக்கறேன். ஆனா அது ஏன் அறுந்துச்சு? 4 அங்குலக் குழாய்க்கு அமெரிக்க வீட்டு விதிப்படி பொதுவா 35 அடி, ஒவ்வொரு 90 டிகிரி எல்போவுக்கும் 5 அடி கழியும். 3 எல்போவுக்கு 15 போனா மிச்சம் 20, இவர்கிட்ட இருக்கிறது 22. காத்து பத்தாத காயில் செவந்து தொங்கும், தொங்கினா தகரத்தைத் தொடும்.

ஓம்மீட்டர்: 2 அடிக்காக எலிமென்ட் சாகாது சார். டிரையர் மேனுவல்ல வேற கணக்கு இருந்தா அதுதான் செல்லும். வயசாகியும் அறும்.

பஞ்சுப்பை: 2 அடியோட உள்ளே இருக்கிற பஞ்சையும் கூட்டிக்குங்க. மூணாம்மாடி, எலிமென்ட் வர்றதுக்குள்ள வெளிச்சுவர் மூடி முழுசாத் திறக்குதான்னு பாருங்க. குழாய் இணைப்புல உள்ளே நீட்டுற ஸ்க்ரூ இருந்தா எடுத்துட்டு அலுமினிய ஃபாயில் டேப் ஒட்டுங்க, ஸ்க்ரூ முனையிலதான் பஞ்சு கொத்தா மாட்டும். மெல்லிசு ஃபாயில் ஹோஸ் போட்டிருந்தா தூக்கிப் போட்டுட்டு கெட்டிக் குழாய் போடுங்க.

மூணாம்மாடி: ஸ்க்ரூ நாலு இருக்கு. எல்லாத்துலயும் பஞ்சு.