புதுப்பிப்பு: கார்டியனா, ஷெரிஃபா?

வாலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமில், வாண்டல் என்ற விலை கூடிய துப்பாக்கிக்குக் காசு பத்தாத ரவுண்டில் கார்டியன் துப்பாக்கி எடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். பலர் "800 கிரெடிட் (கேமில் உள்ள காசு) ஷெரிஃப் கைத்துப்பாக்கியே போதும்" என்றீர்கள். இரண்டையும் ஆடிப் பார்த்தாயிற்று. என் ஓட்டு கார்டியனுக்கு.

காரணம் தூரம். ஷெரிஃபின் ஹெட்ஷாட் (தலையில் படும் குண்டு) 30 மீட்டர் தாண்டினால் 145 சேதம்தான். ஹெவி ஷீல்டு என்ற கனமான கவசம் போட்டவர் மொத்தம் 150 ஹெச்பியில் (உயிர்ப் புள்ளி) மிஞ்சிய 5 ஹெச்பியோடு ஓடிவிடுவார், அந்த வயிற்றெரிச்சல் தனி. கார்டியன் எங்கிருந்து தலையில் பட்டாலும் 195, ஆள் காலி. உடம்பில் 65. லைட் ஷீல்டுக்கு இரண்டு குண்டு, ஹெவிக்கு மூன்று. விலை 2,250. வாண்டலைவிட 650 குறைவு என்பதால் 400 கொடுத்து லைட் ஷீல்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் மேகசினில் 12 குண்டுகள்தான். பதற்றத்தில் மவுஸைத் தட்டித் தள்ளினால் எல்லாம் தலைக்கு மேலே போகும். நின்று, சுட்டு, ஓரடி நகர்ந்து, மறுபடி நிற்க வேண்டும். மூலையில் சடசடவென்று சுடும் ஸ்பெக்டர் துப்பாக்கியோடு ஒருவர் பாய்ந்தால் கதை கந்தல். சைட்டுக்குள் (வெடிகுண்டு வைக்கும் இடம்) முதல் ஆளாக நுழைகிறவர்களுக்கு இது வேண்டாம்.

ஸ்கோப் பற்றிக் கேட்டவருக்கு: நீண்ட பாதையைக் காவல் காக்கும்போது மட்டும் போடுகிறேன்.