தென்சீனக் கடல் புயல்: சனிக்கிழமைக் கூடாரமும் ஞாயிற்றுக்கிழமை பிந்தான் படகும்

யீஷூன்வாசி (கேள்வி, புதன் இரவு)

தென்சீனக் கடலில் பலவான் தீவுக்கு மேற்கே நிற்கும் புயல் வெள்ளிக்கிழமை வாக்கில் வியட்னாமில் கரையேறும் என்று எல்லாத் தளங்களும் காட்டுகின்றன. சிங்கப்பூருக்கு நேரடி ஆபத்து இல்லை என்று புரிகிறது. ஆனால் சனிக்கிழமை மதியம் புளோக் பக்கத்துத் திடலில் 120 பேருக்குச் சாப்பாடு, 3-க்கு 3 மீட்டர் கூடாரம் எட்டு. ஞாயிறு காலை தானா மேரா படகு முனையத்திலிருந்து இந்தோனேசியாவின் பிந்தான் தீவுக்குப் படகு. திங்கள் இரவு அப்பா திருச்சிக்கு விமானம் ஏறுகிறார்.

கைப்பேசிச் செயலி நாலு நாளுக்கும் ஒரே இடிமின்னல் படத்தைப் போட்டு வைத்திருக்கிறது. புயலின் வேகம் ஒரு தளத்தில் 35 நாட் (மணிக்கு 35 கடல் மைல்), இன்னொன்றில் 45. எதைப் பார்த்து முடிவெடுப்பது?

வடகிழக்கான்

வேகக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஜப்பான் வானிலை முகமை 10 நிமிடச் சராசரிக் காற்றைச் சொல்லும். அமெரிக்கக் கடற்படையும் விமானப்படையும் சேர்ந்து நடத்தும் புயல் எச்சரிக்கை மையமான ஜேடிடபிள்யூசி 1 நிமிடச் சராசரியைச் சொல்லும். குறுகிய நேரச் சராசரி எப்போதும் கூடுதலாகவே வரும். மீதி வித்தியாசம் செயற்கைக்கோள் படத்தை ஒவ்வொருவரும் மதிப்பிடும் விதத்தால் வருவது. உங்களுக்கு இரண்டு எண்ணும் தேவையில்லை.

புயல் இங்கே வராது. நாம் இருப்பது 1.3 பாகை வடக்கில். பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்புவிசை இங்கே மிகக் குறைவு, அதனால் 5 பாகைக்குள் புயல் சுழன்று கட்டுவதே அபூர்வம். 2001 டிசம்பர் 27-இல் 'வாமெய்' அந்த விதியை மீறி சுமார் 1.4 பாகையில் உருவாகி ஜோகூரில் கரையேறியது. போர்னியோ ஓரத்துச் சுழலை வடகிழக்குக் காற்று பல நாள் சுற்றிச் சுற்றி முறுக்கியதால் வந்தது அது. இப்போது படத்தில் அப்படி எதுவும் இல்லை.

நீங்கள் கவலைப்பட வேண்டியது புயல் *போன பிறகு* வருவதைப் பற்றி. புயல் 10 பாகை வடக்கில் நிற்கும்வரை நம் பக்கத்துக் காற்றைத் தன் பக்கம் இழுக்கும். வழக்கமான வடகிழக்குக் காற்று தளர்ந்து மேற்கு, வடமேற்காகத் திரும்பும். நாளையும் மறுநாளும் புழுக்கமாக இருந்து பிற்பகலில் இடியோடு ஒரு மழை பெய்தால் காரணம் இதுதான். புயல் கரையேறிக் கலையும் நேரத்தில் சீனப் பக்கம் உயர் காற்றழுத்தம் வலுத்திருந்தால், தடை நீங்கிய வடகிழக்குக் காற்று மொத்தமாகக் கீழே இறங்கும். அதன் பெயர்தான் பருவக்காற்று எழுச்சி. ஒரு பருவத்தில் சராசரியாக இரண்டிலிருந்து நான்கு முறை வரும். 2025 ஜனவரி 10, 11-இல் விடாமல் கொட்டியது இந்த வகை.

பார்க்கும் முறை: விண்டி (Windy) என்ற வானிலை வரைபடத் தளத்தைத் திறந்து காற்று அடுக்கில் உயரத்தை 925 ஹெக்டோபாஸ்கல் என்ற காற்றழுத்த மட்டத்துக்கு மாற்றுங்கள், தரையிலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர். 15 பாகை வடக்குக் கோட்டில் 110-க்கும் 117 பாகை கிழக்குக்கும் இடையே, அதாவது வியட்னாமுக்குக் கிழக்கே உள்ள கடலில், வடக்கிலிருந்து வரும் காற்று நொடிக்கு 8 மீட்டரைத் தாண்டுகிறதா? தாண்டினால் எழுச்சி கிளம்பிவிட்டது, நம்மைத் தொட ஓரிரு நாள் ஆகும். ஒன்று கவனம்: புயல் அந்தக் கடல் பகுதிக்குள் இருக்கும்போது அதன் சுழற்சியே எண்ணைக் கூட்டிக் காட்டும். வியட்னாம் கரையைத் தாண்டிய பிறகு வரும் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

ஐரோப்பிய வானிலைக் கணினி மாதிரியின் காலை ஓட்டம் (புதிய கணிப்பு) நமக்குப் பிற்பகல் 3 மணி வாக்கில் முழுதாக வரும். அமெரிக்க மாதிரியான ஜிஎஃப்எஸ் ஒரு மணிக்கெல்லாம் வந்துவிடும். அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்கள் ஒத்துப்போனால் நம்பலாம். ஒரே ஓட்டத்தைப் பார்த்துத் திட்டத்தை மாற்றாதீர்கள்.

கேலாங்_காற்று

பக்கத்தில் புயல் என்றாலே மழை என்று முடிவுகட்ட வேண்டாம். 2013 ஜூனில் தென்சீனக் கடலில் 'பெபிங்கா' இருந்தபோது நமக்கு வந்தது புகைமூட்டம். சுமத்ராவில் எரிந்த காட்டுப் புகையை மேற்குக் காற்று நேரே இங்கே தள்ளியது. 21-ஆம் தேதி காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடான பிஎஸ்ஐ 401.

வடகிழக்கான்

உண்மை, ஆனால் அது தென்மேற்குப் பருவம். அப்போது புயல் இழுக்கும் காற்று சுமத்ரா நிலத்தைத் தாண்டி வறண்டு வருகிறது. டிசம்பர் எழுச்சிக் காற்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வெதுவெதுப்பான கடல்மேல் ஈரம் குடித்துவிட்டு வருகிறது. புயல் என்ற பெயர் ஒன்று, விளைவு நேர் எதிர்.

திடல்மேஸ்திரி

கூடாரத்தைப் பற்றி. வாடகைக்காரர் தண்ணீர் ஒழுகாது என்று சத்தியம் செய்வார். ஒழுகுவது சின்னப் பிரச்சினை. துணி தொய்ந்த இடத்தில் 10 செ.மீ. தேங்கினால் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ. முதலில் கால் வளையும், பிறகு மூலை சரியும். மழை நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளேயிருந்து துடைப்பக் கட்டையால் தள்ளிவிட ஒரு ஆள் போடுங்கள். கட்டை நுனியில் துணி சுற்றுங்கள், இல்லையென்றால் கூரை கிழியும்.

காற்று இதைவிட மோசம். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வீசினால் சதுர மீட்டருக்கு சுமார் 17 கிலோ தள்ளும். 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரத் திரை ஒன்று தொங்கினால் அதன்மேல் மட்டும் 100 கிலோ. எட்டுக் கூடாரத்திலும் திரை கட்டியிருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மழை பெய்து ஊறிய புல்தரையில் ஆணி நிற்கவே நிற்காது. ஒவ்வொரு காலுக்கும் தண்ணீர் நிரப்பும் எடை அல்லது கான்கிரீட் கட்டை கேளுங்கள். 25 லிட்டர் பீப்பாய் 25 கிலோதான், அது போதவே போதாது.

காற்று வருவது வடகிழக்கிலிருந்து. அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டு எதிர்ப்பக்கத்தை மூடுவதுதான் பலரும் செய்வது, சாப்பாட்டு மேசை அங்கே இருக்கிறது என்பதற்காக. உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் கூரையைத் தூக்கிவிடும். எதிர்ப்பக்கத்தைக் கண்டிப்பாகத் திறந்து வையுங்கள்.

என்னைக் கேட்டால், எழுச்சி உறுதியானால் கூடாரத்தை விட்டுவிட்டு புளோக் கீழ்த்தளத்துக்கு மாறுங்கள். நகர மன்றத்தில் அனுமதி வேண்டும், நாளைக் காலையே கேட்டுவிடுங்கள்.

யீஷூன்வாசி

நன்றி. சனிக்கிழமை காலை 9 மணிக்கு மழை நின்றிருந்தால் போடலாமா, வேண்டாமா?

வடகிழக்கான்

நின்றதை வைத்து முடிவெடுக்காதீர்கள், எழுச்சி மழை அலை அலையாக வரும். வானிலை ஆய்வகத்தின் 240 கி.மீ. ராடாரில் ஜோகூரின் கிழக்குக் கரையில் உள்ள தேசாருவுக்குக் கிழக்கே கடலைப் பாருங்கள். அங்கே பச்சையும் மஞ்சளும் பரந்து கிடந்தால், 100 கிலோமீட்டர் தள்ளி இருப்பது மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குள் வந்து சேரும். சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக. கடல் வெறுமையாக இருந்தால் மட்டும் துணியலாம்.

அந்த இடிமின்னல் படத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நாலு நாள் கணிப்பு தீவு முழுவதற்கும் ஒரே படம். துவாஸில் அரை மணி நேரம் பெய்தாலும் அதே படம்தான். 24 மணி நேரக் கணிப்பு ஐந்து பகுதிகளாகப் பிரியும், இரண்டு மணி நேரக் கணிப்பு ஊர் ஊராக வரும். சனிக்கிழமைக்கு உதவப்போவது கடைசி இரண்டும்தான்.

கடலேற்றம்

படகு பற்றி யாரும் சொல்லவில்லை. ஹார்பர்ஃப்ரண்டிலிருந்து பாத்தாம் போகும் பாதை தீவுகளின் மறைவில் போகிறது. தானா மேரா–பிந்தான் பாதை கிழக்குப் பக்கம் திறந்தது, தென்சீனக் கடலின் அலை நேரே உள்ளே வரும். சிங்கப்பூரில் மழையே இல்லாவிட்டாலும் அங்கே ஆட்டம் இருக்கும். விண்டியில் காற்றைப் பார்த்தால் போதாது, அலை அடுக்கில் உயரத்தையும் இடைவெளியையும் பாருங்கள். படகின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், பின்பக்கம் சற்றுத் தள்ளி உட்கார்ந்தால் குலுக்கல் குறையும். வாந்தி மாத்திரை ஏறுவதற்கு அரை மணி முன்பே, படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

அன்று அமாவாசையா பௌர்ணமியா என்றும் பாருங்கள். கடல் ஏற்றம் 3 மீட்டரைத் தாண்டும் நேரத்தில் பெருமழையும் சேர்ந்தால் தாழ்வான இடங்களில் கால்வாய் நீர் கடலுக்கு வடியாது. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் டெலிகிராம் எச்சரிக்கையைப் போட்டு வையுங்கள், தானா மேராவுக்கு டாக்சி பிடிக்கும்போது உதவும்.

வேதாரண்யத்தான்

அப்பாவின் விமானம்: இந்தப் புயல் வியட்னாமில் ஏறினால் திருச்சிக்குத் தொல்லை இல்லை. ஆனால் தெற்கே நழுவி தாய்லாந்து வளைகுடாவுக்குள் வந்தால் அந்தமான் கடலில் மறுபடி உயிர் பெறலாம். 'கஜா' அப்படி வந்ததுதான், தாய்லாந்து வளைகுடாவில் கிளம்பிய தாழ்வுநிலை 2018 நவம்பர் 16-இல் நாகப்பட்டினம்–வேதாரண்யம் இடையே கரையேறியது. கடலைக் கடந்துவர நாலைந்து நாளாவது ஆகும் என்பதால் திங்கள் இரவுக்குள் இது அங்கே எட்டாது. திரும்பி வரும் தேதி அடுத்த வார இறுதி என்றால் மட்டும் இந்திய வானிலைத் துறையின் வங்கக்கடல் அறிவிப்பை வெள்ளிக்கிழமையிலிருந்து பாருங்கள்.

யீஷூன்வாசி

திரும்புவது இரண்டு வாரம் கழித்து. கீழ்த்தளத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன், கூடாரக்காரரிடம் வெள்ளி மாலை 4 மணி வரை அவகாசம் வாங்கியிருக்கிறேன். 3 மணி ஓட்டம் வந்ததும் படத்தை இங்கே போடுகிறேன்.

வடகிழக்கான்

போடுங்கள். 925-இல் எடுங்கள், தரைமட்டக் காற்றை வேண்டாம்.