சுகம் கிடைக்காதவருக்கு இரட்சிப்பு இல்லையா?

கேள்வி (கடலூர் முதுநகர்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். என் தாயாருக்குச் சர்க்கரை நோயால் வலது காலில் வந்த புண் நான்கு மாதங்களாக ஆறவில்லை. சென்ற மாதம் நடந்த சுகமளிக்கும் கூட்டத்தில் அவருக்காக ஜெபித்த ஊழியர் ஒருவர், அவருடைய அவிசுவாசமே தடை என்று சொல்லிவிட்டார். அன்று முதல் அம்மா மாத்திரைகளை விழுங்காமல் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார். நேற்றுச் சேலையை நனைக்கும்போது முடிச்சுக்குள் வெள்ளை மாவு கரைந்து ஒட்டியிருந்ததைக் கண்டுதான் எனக்குத் தெரிந்தது. "காலே ஆறவில்லை, என் ஆத்துமாவையா ஏற்றுக்கொள்வார்?" என்று அழுகிறார். வேதத்திலிருந்து என்ன பதில் சொல்வேன்?

பதில் 1 (லுத்தரன் சபை உபதேசியார், கடலூர்)

அன்புள்ள சகோதரிக்கு, 12 ஆண்டுகள் பெரும்பாடுள்ளவளாயிருந்த (உதிரப்போக்கு நோயால் வருந்திய) ஸ்திரீயிடம் இயேசு, "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்கிறார் (மாற்கு 5:34). அங்குள்ள 'சோஸோ' என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் குணமாக்குதல், இரட்சித்தல் என இரு பொருளும் உண்டு. இரண்டையும் ஒன்றாகவே கட்டிவிடும் குழப்பத்துக்கு அது இடம் கொடுக்கிறது. ஆனால் லூக்கா 17ஆம் அதிகாரத்தில் பத்துக் குஷ்டரோகிகளும் சுத்தமானார்கள். "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்ற வார்த்தையோ, திரும்பி வந்து பாதத்தில் விழுந்த சமாரியனுக்கு மட்டுமே சொல்லப்பட்டது. மறுபுறம், 'மாம்சத்திலுள்ள முள்' என்று தாம் குறிப்பிட்ட உபாதை நீங்க மூன்றுதரம் வேண்டிக்கொண்ட அப்போஸ்தலர் பவுலுக்கு, "என் கிருபை உனக்குப் போதும்" என்பதே பதிலாயிற்று. தம்மோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியுள்ளவனாக விட்டுவந்ததாகவும் அவரே எழுதுகிறார். பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று அந்த ஊழியர் சொல்வாரா? இரட்சிப்பு தேவனுடைய ஈவு என்கிறது எபேசியர் 2:8. விசுவாசத்தை அளந்து விலையாகக் கேட்பவர் கிருபையைக் கடைச்சரக்காக்குகிறார். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பதில் 2 (வில்லியனூர்)

நான் கத்தோலிக்கன். எங்கள் ஊர் லூர்து மாதா திருத்தலத்துக்கு நோயாளிகள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். புதுமைகளை, அதாவது அற்புதங்களை, நான் நம்புகிறேன். ஆயினும் பிரான்சின் லூர்து நகரில், 1858இல் மாதா காட்சி தந்த காலம் முதல் சொல்லப்பட்ட ஆயிரக்கணக்கான குணமடைதல்களில், மருத்துவர்கள் ஆராய்ந்த பிறகு திருச்சபை புதுமையென ஏற்றவை சுமார் 70 மட்டுமே. குணமாகாமல் திரும்பியவர்களைத் திருச்சபை ஒருநாளும் விசுவாசமற்றவர்கள் என்று தள்ளியதில்லை. மாற்கு 2ஆம் அதிகாரத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை (பக்கவாத நோயாளியை) இறக்கிய நால்வரையும் சேர்த்தே, "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" இயேசு பேசினார். படுத்திருந்தவனிடம் தனியாகக் கணக்குக் கேட்கவில்லை.

பதில் 3 (செவிலியர், புதுச்சேரி)

சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறுவது கடினம்; தொற்று எலும்பு வரை இறங்கினால் விரலையோ காலையோ இழக்க நேரிடலாம். நாளைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாத்திரையை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். விட்டுப்போனதை ஈடுகட்ட ஒரே வேளையில் கூடுதலாகக் கொடுத்துவிடாதீர்கள். ஜெபித்துக்கொண்டே கட்டுப் போடுகிறவள்தான் நானும். பவுலோடு இருந்த லூக்காவும் வைத்தியர்தானே, அக்கா.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு மாற்கு இரண்டாம் அதிகாரத்தை வாசித்தேன். அந்த நால்வரின் பெயர் என்ன என்று அம்மா கேட்டார், எழுதப்படவில்லை என்றேன். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டார். இப்போது மருத்துவமனை வரிசையில் அமர்ந்திருக்கிறோம்.