தாம்பரத்தில் க்யூ.எஃப்.ஐ. (விமானப் பயிற்றுநர் தகுதி) முடித்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

ஸ்குவாட்ரனிலிருந்து தாம்பரம் எஃப்.ஐ.எஸ்.ஸுக்கு (விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி) விருப்பம் கொடுக்கும் முன் இரண்டு சந்தேகங்கள்.

ஓட்டுவது வேறு, ஓட்டிக்கொண்டே சொல்லித்தருவது வேறு. பிலாட்டஸ் பயிற்சி விமானத்தில் மாணவர் முன் சீட், பயிற்றுநர் பின் சீட். அது சற்று உயரம்தான். ஆனாலும் இறங்கும்போது ரன்வேயின் நடுவை முன் சீட் மறைக்கும், ஓரங்களை வைத்தே உயரம் கணிக்க வேண்டும். இதில் 'பேட்டர்' (ஓட்டிக்கொண்டே கூடவே சொல்லும் விளக்கம்) வேறு! வாய் இரண்டு நொடி பின்தங்கினால் போச்சு: மூக்கு உயர்ந்தபிறகு "மெல்ல இழு" என்போம், மாணவர் இன்னும் இழுப்பார், விமானம் மேலே மிதந்து, வேகம் செத்து, தொப்பென்று விழும்.

பேட்டரைத் தரையில் எப்படிப் பழகினீர்கள்? நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரம் வைத்தா?

'ஐ ஹேவ் கன்ட்ரோல்' என்று விமானத்தை நம் கைக்கு எப்போது வாங்குவது? சீக்கிரம் பிடுங்கினால் அவர் கற்கமாட்டார். தாமதித்தால் இருவருக்கும் ஆபத்து.